விக்ரம்ராஜு தூக்கிய விரலும் மீதி 17 ரன்னும்

1986 செப்டம்பர் 22. சென்னை சேப்பாக்கம் ஸ்டேடியம். என் செட்டில் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் கிரிக்கெட் பார்க்கும் அப்பா, சித்தப்பா, மாமா என்று யாரிடம் வேண்டுமானாலும் "டை ஆன டெஸ்ட்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அடுத்த வரி அநேகமாக இதுதான்: "மணிந்தர் அவுட்டே இல்லப்பா, அந்த அம்பயர் கெடுத்துட்டாரு!"

ஐந்து நாள் மேட்ச். இரண்டு டீமும் சேர்ந்து 1488 ரன். கடைசியில் நம் ஞாபகத்தில் தங்கியது ஒரு மனிதர் தூக்கிய ஒரு விரல். அம்பயர் தப்பு செய்யவே மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. நிறையவே செய்வார்கள். ஆனால் அம்பயரின் கணக்கு எங்கே முடிகிறது, ஆட்டக்காரரின் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

முதலில் மேட்ச்

ஆலன் பார்டர் தலைமையில் ஆஸ்திரேலியா வந்திருந்தது. செப்டம்பர் 18-ல் ஆட்டம் ஆரம்பம். ஸ்வெட்டர் போட்டே வளர்ந்த நம்ம நீலகிரி ஆட்களுக்கே மேட்டுப்பாளையம் இறங்கினால் தலை சுற்றும். அப்படியென்றால் ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு சென்னைப் புழுக்கம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டீன் ஜோன்ஸ் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 210 ரன் அடித்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. டேவிட் பூன் 122, பார்டர் 106. ஏழு விக்கெட்டுக்கு 574 ரன்னில் டிக்ளேர்.

இந்தியா 397. கேப்டன் கபில்தேவ் 119 அடித்ததால்தான் ஃபாலோ ஆன் தப்பியது. இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 170/5. கடைசி நாள் காலையில் அதே ஸ்கோரில் பார்டர் டிக்ளேர் செய்துவிட்டார். ஒரே நாளில் 348 ரன் எடுக்க வேண்டும், கையில் 87 ஓவர். தைரியமான முடிவு. தோற்றிருந்தால் பார்டரைச் சொந்த ஊரில் கிழித்திருப்பார்கள்.

நம் ஆட்கள் டிரா பார்க்கவில்லை, துரத்தினார்கள். கவாஸ்கர் 90, அமர்நாத் 51, அசாருதீன் 42, பண்டிட் 39. கடைசி ஓவர் வரும்போது ஒன்பது விக்கெட் போயிருந்தது, நான்கு ரன் தேவை. அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிக்கொண்டிருந்த கிரெக் மாத்யூஸ் கையில் பந்து. எதிரே ரவி சாஸ்திரி, 45 ரன்னுடன்.

முதல் பந்து ரன் இல்லை. இரண்டாவது பந்தில் இரண்டு ரன். மூன்றாவது பந்தில் ஒரு ரன். ஸ்கோர் 347, சமம். இனி இந்தியா தோற்க முடியாது. ஆனால் பேட்டிங் முனைக்கு வந்தவர் பதினோராவது ஆட்டக்காரர் மணிந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அம்பயர் வி. விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். எல்.பி.டபிள்யூ. டை!

டெஸ்ட் வரலாற்றில் டை இரண்டே முறைதான் நடந்திருக்கிறது. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும். இரண்டாவது நம் சேப்பாக்கம். கொசுறுத் தகவல்: பிரிஸ்பேனில் ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கோச்.

பந்து முதலில் பேட்டில் பட்டது என்று மணிந்தர் அன்றே சொன்னார், பிறகும் சொன்னார். இல்லை, அவுட்தான் என்று விக்ரம்ராஜு தன் முடிவில் நின்றார். ஸ்னிக்கோ, பால் டிராக்கிங் எதுவும் கிடையாத காலம் அது. விக்ரம்ராஜுவுக்கு அது இரண்டாவது டெஸ்ட். அதன் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் காலத்தில் எந்த நாட்டில் மேட்ச் நடக்கிறதோ அந்த நாட்டு அம்பயர்கள்தான் நிற்பார்கள். அவர்கள் சொந்த டீமுக்குச் சாய்வார்கள் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த புகார். இங்கே தலைகீழ். ஒரு இந்திய அம்பயர், இந்திய மண்ணில், ஒரு ரன் தேவைப்படும்போது, இந்தியாவின் கடைசி ஆட்டக்காரருக்கு விரலைத் தூக்கினார். தப்பான முடிவாகவே இருந்தாலும் பயந்து எடுத்த முடிவு என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

கணக்கைப் பிரிப்போம்

ஸ்கோர்கார்டைத் திரும்பப் பாருங்கள். இந்தியா 331 எடுக்கும்வரை ஆறு விக்கெட்தான் போயிருந்தது. 17 ரன் தேவை, நான்கு விக்கெட் கையில், சாஸ்திரி செட் ஆகி நிற்கிறார். இப்படி ஒரு நிலைமையில் எந்த டீமும் ஜெயித்திருக்க வேண்டும். அங்கிருந்து 16 ரன்னுக்குள் நான்கு விக்கெட். சேதன் சர்மா 23 ரன்னில் தூக்கி அடித்து கேட்ச். கிரண் மோரே பூஜ்யம். சிவ்லால் யாதவ் ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு போல்டு. இந்த மூவரையும் எடுத்தவர் ரே பிரைட். நான்காவதுதான் மணிந்தர்.

சாஸ்திரி எடுத்த அந்த ஒரு ரன்னையும் பாருங்கள். மூன்று பந்து பாக்கி இருக்கும்போது பதினோராவது ஆட்டக்காரரை பேட்டிங் முனைக்கு அனுப்பிய ரன் அது. தோல்வி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன் என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். நான் அங்கே நின்றிருந்தால் கால் நடுங்கியிருக்கும், அது வேறு விஷயம் :-) ஆனால் அது ஒரு ஆட்டக்காரர் யோசித்து எடுத்த முடிவு. அதில் லாபமும் உண்டு, ரிஸ்க்கும் உண்டு. அந்த ரிஸ்க்தான் இரண்டு பந்து கழித்து விக்ரம்ராஜுவின் முன்னால் வந்து நின்றது.

ஆக, அம்பயர் தலையில் ஏறக்கூடியது அதிகபட்சம் ஒரு விக்கெட். மற்ற மூன்று விக்கெட்டையும் 17 ரன்னையும் யார் கணக்கில் எழுதுவது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆட்களுக்கு ஆடத் தெரியாது என்று சொல்லவே முடியாது, பிரமாதமாக ஆடினார்கள். ஆனாலும் கூடம் கோணல் என்ற கதையைத்தான் நாம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம்.

பேஸ்பாலிலும் இதே கதை

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. சேப்பாக்கத்துக்கு ஒரு வருடம் முன்னால், 1985 அக்டோபர் 26. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான வேர்ல்டு சீரிஸ். ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயிப்பவருக்குக் கோப்பை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டத்தின் கடைசி ரவுண்டிலும் 1-0 முன்னிலை. அப்போது கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஓர்டா முதல் தளத்துக்கு ஓடினார். பந்து அவருக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அம்பயர் டான் டெங்கிங்கர் "சேஃப்" என்று கையை விரித்துவிட்டார். டி.வி.யில் பார்த்தவர்களுக்கெல்லாம் அது தப்பு என்று தெரிந்தது. கார்டினல்ஸ் அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றது. டெங்கிங்கருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன.

ஆனால் அந்தத் தப்பான முடிவுக்கு அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அடுத்த ஆட்டக்காரர் தூக்கி அடித்த சுலபமான பந்தை கார்டினல்ஸ் கோட்டைவிட்டது. கேட்ச் பிடித்திருந்தால் ஒரு அவுட். அப்புறம் அந்த ஓர்டாவே மூன்றாவது தளத்தில் அவுட் ஆகிவிட்டார். அதாவது அம்பயர் கொடுத்த இனாம் அங்கேயே கழிந்துவிட்டது! பிறகு கேட்சர் ஒரு பந்தைத் தவறவிட்டார், எதிரணி ஆட்கள் முன்னேறினார்கள், அதற்கப்புறம்தான் ஜெயித்த அடி. மறுநாள் ஏழாவது ஆட்டம் இருந்தது. அதில் கார்டினல்ஸ் 11-0 என்று உதை வாங்கியது. பதினோரு ரன்னையும் டெங்கிங்கரா கொடுத்தார்?

அநியாயம் நடந்தது உண்மை. அதன் பிறகு ஆடாமல் போனதும் உண்மை. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

சேப்பாக்கத்தில் இன்னொரு 17

1999 ஜனவரி, அதே மைதானம், எதிரே பாகிஸ்தான். இலக்கு 271. இரண்டாவது இன்னிங்ஸில் கங்குலி அவுட் ஆன கேட்சில் பந்து தரையில் பட்டதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆனபோது ஸ்கோர் 254. தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். மறுபடியும் அதே 17! அந்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் காலி. 12 ரன்னில் தோல்வி.

அன்று சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டியது. எனக்கு அந்த நாளின் பெரிய விஷயமே அதுதான். மனசு உடைந்துபோன நாற்பதாயிரம் பேர் யார் மேல் பழி போடலாம் என்று தேடவில்லை.

ஆடிட்டிங் வகுப்பில் கிடைத்த பதில்

பி.காம். படிப்பவன் என்பதால் ஒரு ஆடிட்டிங் உதாரணம் சொல்லிக்கொள்கிறேன். 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு என்று ஒன்று. மேனேஜர் ஸ்டாக் கணக்கை ஊதிப் பெருக்கிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவர் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர வேட்டை நாய் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரீட்சைக்கு எப்போதும் வரும் கேள்வி இது.

அதன் சாரம் என்ன? கணக்கைச் சரியாக எழுதும் பொறுப்பு கம்பெனி நடத்துபவர்களுடையது. ஆடிட்டர் பார்த்துச் சொல்பவர். நம் நாட்டு 2013 கம்பெனிச் சட்டத்திலும் இயக்குநர்கள் தங்கள் பொறுப்பைத் தனியாக எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆடிட்டர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்பதால் பொய்க் கணக்கு எழுதினவர் யோக்கியர் ஆகிவிட மாட்டார்.

மைதானத்தில் அம்பயர்தான் ஆடிட்டர். பந்து பேட்டில் உரசியதா என்று அவர் இருபது கஜத்துக்கு அப்பால் இருந்து பார்க்கிறார். பேட்டைப் பிடித்திருப்பவருக்கு அது பெரும்பாலும் கையிலேயே தெரிந்துவிடும். இப்போது சொல்லுங்கள், பொறுப்பு யாருக்கு அதிகம்?

இங்கேதான் ஆட்டக்காரரின் இரண்டாவது பொறுப்பு வருகிறது. முதலாவது, தப்பான முடிவு வந்தாலும் மீதி ஆட்டத்தை ஆடுவது. இரண்டாவது, தனக்கு மட்டும் தெரிந்த உண்மையை மறைக்காமல் இருப்பது.

1980 பிப்ரவரி, பம்பாயில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட். பாப் டெய்லர் கேட்ச் என்று அம்பயர் ஹனுமந்த ராவ் விரலைத் தூக்கிவிட்டார். முதல் ஸ்லிப்பில் நின்ற நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் பந்து பேட்டில் படவில்லை என்று நினைத்தார். அம்பயரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் சேர்த்தார்கள். போத்தம் 114 ரன்னும் 13 விக்கெட்டும் எடுத்தார். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. ஆனால் விஸ்வநாத் பெயரைச் சொன்னால் இந்த மேட்ச் இல்லாமல் பேச்சே இல்லை. தோற்ற மேட்சில் சம்பாதித்த பெயர்.

2003 உலகக் கோப்பை அரையிறுதி, இலங்கைக்கு எதிராக. கில்கிறிஸ்ட் 22 ரன்னில் இருந்தார். அம்பயர் நாட் அவுட் என்றார். கில்கிறிஸ்ட் பந்து பேட்டில் பட்டது என்று தானே நடையைக் கட்டினார்.

இப்போது மறுபக்கம். 2008 ஜனவரி, சிட்னி. ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது இஷாந்த் சர்மா பந்து பேட்டில் நன்றாகவே உரசிப் போனது. ஸ்டீவ் பக்னர் நாட் அவுட் என்றார். சைமண்ட்ஸ் நகரவில்லை. கடைசியில் 162 நாட் அவுட். அன்று சாயங்காலம் பத்திரிகைக்காரர்களிடம் தான் அவுட் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த மேட்சில் பக்னருக்கும் மார்க் பென்சனுக்கும் இன்னும் பல தப்புகள். எதிர்ப்பு வெடித்ததும் அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து பக்னரை நீக்கிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். தெரியாமல் தவறியவருக்கு வேலை போனது. தெரிந்தே நின்றவருக்கு சதம் கிடைத்தது.

நம் ஆட்களும் எத்தனையோ முறை இப்படி நின்றவர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அதே சிட்னியில் இன்னும் சுமார் இரண்டு ஓவர் தாக்குப்பிடித்தால் டிரா என்ற நிலையில், பகுதி நேர பவுலர் மைக்கேல் கிளார்க்கிடம் ஐந்து பந்தில் மூன்று விக்கெட்டைக் கொடுத்தோம். பக்னரைத் திட்டும் ஜோரில் அந்த ஐந்து பந்தை நாம் மறந்தே போனோம்.

நம்ம ஊட்டி சங்கதி

எங்கள் பக்கம் எஸ்டேட் கிரவுண்டுகளில் டென்னிஸ் பால் மேட்ச் பார்த்திருப்பீர்கள். பந்து தேயிலைச் செடிக்குள் போனால் டூ டி. தனியாக அம்பயர் எல்லாம் கிடையாது, பேட்டிங் டீம் ஆள்தான் நிற்பார். சாய்வு இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஆட்டம் நடக்கிறது. காரணம், ரொம்ப அநியாயம் செய்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்கள். "அழுகுனி ஆட்டம்" என்ற ஒரு வார்த்தை போதும், அந்த ஆள் ஊரில் தலை காட்ட முடியாது. அம்பயர் செய்ய முடியாத வேலையை அந்த வெட்கம் செய்கிறது.

இன்னொரு விளையாட்டும் நம் ஊருக்குச் சொந்தம். ஸ்னூக்கர். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற இளம் ராணுவ அதிகாரி கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள் (பின்னால் இங்கிலாந்துப் பிரதமர் ஆனவர் இவர் இல்லை, பெயர் மட்டும் ஒன்று). அதன் விதிகளை எழுதி 1882-ல் மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். அந்த விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. சட்டை நுனி பந்தில் பட்டுவிட்டால், ரெஃப்ரீ பார்க்காவிட்டாலும் ஆடுபவரே "ஃபவுல்" என்று சொல்லிவிடுவார். உலக சாம்பியன்ஷிப்பிலும் இதை எதிர்பார்க்கிறார்கள். அங்கே ரெஃப்ரீ இருக்கிறார், ஆனால் உண்மை ரெஃப்ரீயிடம் மட்டும் விடப்படவில்லை.

மெஷின் வந்தால் தீருமா?

1986 நவம்பரில், சேப்பாக்கம் டை ஆன இரண்டே மாதத்தில், லாகூரில் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் ஆடிய டெஸ்டில் வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்கள் பொது நாட்டு அம்பயர்களாக நின்றார்கள். அதிலிருந்து மெதுவாக நிலைமை மாறியது. 57 டெஸ்ட் ஆடிய நம் சென்னை வெங்கட்ராகவன் அதன் பிறகு 73 டெஸ்டில் அம்பயராக நின்று உலகப் பெயர் வாங்கினார். 2008-ல் இந்தியா-இலங்கை தொடரில் டி.ஆர்.எஸ். சோதனை நடந்தது. பல வருடம் முரண்டு பிடித்த இந்தியா 2016-ல் இங்கிலாந்துத் தொடரிலிருந்து ஏற்றுக்கொண்டது.

நல்ல விஷயம்தான். ஆனால் 2019 ஆகஸ்ட் 25, லீட்ஸ் ஹெடிங்லி மைதானத்தைப் பாருங்கள். இங்கிலாந்துக்கு இரண்டு ரன் தேவை, ஒரே விக்கெட். நேதன் லயன் சுலபமான ரன் அவுட்டைத் தவறவிட்டார். அடுத்த பந்தில் பென் ஸ்டோக்ஸ் எல்.பி.டபிள்யூ. மாதிரி இருந்தது, அம்பயர் ஜோயல் வில்சன் கொடுக்கவில்லை. ரீப்ளேயில் அவுட். ஆனால் கேட்க ரிவ்யூ இல்லை. முந்தைய ஓவரில்தான் உதவாத ஒரு அப்பீலுக்கு ஆஸ்திரேலியா அதை வீணாக்கியிருந்தது. ஒரு விக்கெட்டில் இங்கிலாந்து ஜெயித்தது. மெஷின் வந்த பிறகும் பொறுப்பு ஆட்டக்காரர் கையிலேயே வந்து நிற்கிறது.

கடைசியாக ஒன்று

2010 ஜூன் 2, டெட்ராய்ட். பேஸ்பாலில் எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூட தளம் தொடாமல் வரிசையாக அவுட் ஆக்குவது "பெர்ஃபெக்ட் கேம்". நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் இருபது சொச்சம் முறைதான் நடந்திருக்கிறது. அர்மாண்டோ கலராகா 26 பேரை அவுட் ஆக்கிவிட்டார். 27-வது ஆளும் அவுட்தான். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் "சேஃப்" என்றுவிட்டார். கலராகா ஒரு சிரிப்பு சிரித்தார். திரும்பிப் போய் அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். ரீப்ளே பார்த்த ஜாய்ஸ், தப்பு என்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் டீம் பட்டியலை ஜாய்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அதே கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விக்ரம்ராஜுவுக்கு அப்படி ஒரு மறுநாள் கிடைக்கவில்லை. அவர் முடிவு தப்பா சரியா என்பது இனி எந்த மெஷினுக்கும் தெரியப்போவதில்லை.

டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். அது தற்காலிகம்தான். தப்பைக் கண்டுபிடித்து அந்தந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். நாம் என்ன செய்தோம் என்றால், 1986-ல் டேலி ஆகாத ஒரு ரன்னை விக்ரம்ராஜு என்ற சஸ்பென்ஸ் கணக்கில் போட்டோம். இத்தனை வருடமாக அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்து பார்த்தால் அதில் அவர் பேரில் ஒரு விக்கெட் இருக்கலாம். மீதி 17 ரன்னும் நம் பதினோரு பேர் பேரில்தான் இருக்கிறது.

அடுத்த முறை வீட்டில் மாமா "அந்த அம்பயர் கெடுத்துட்டாரு" என்று ஆரம்பித்தால், 331-க்கு ஆறு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.